மாமா அழுத படம்

நேற்று யாரோ அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். பிரதி முழுக்கக் கீறல். ஆனாலும் அந்த நடிகர், தான் வேலைக்காரியாக வளர்க்கும் தமக்கை மகளிடம் தண்ணீர் வாங்கும்போது முகத்தைப் பார்க்காமல் செம்பையே பார்க்கிறாரே, அதற்கே கும்பிடு போடலாம். சொத்துக்காக, "அக்காவுக்குப் பிள்ளையே இல்லை" என்று ஊரை நம்பவைத்த குற்றம் அந்தப் பார்வையில் வசனமில்லாமல் வந்துவிடுகிறது. அம்மாவோடு சின்ன வயதில் பார்த்த படம்.

எனக்கும் அப்படி ஒரு மாமா இருந்தார், அம்மாவின் தம்பி. எங்கள் ஊர் கல்லடியில் அம்மாவையும் வீட்டையும் சுனாமி கொண்டுபோனபோது நான் கட்டாரில் வேலையில் இருந்தேன். எங்கள் பக்கம் தாய்வீடு மகளுக்குத்தான். ஆனால் பதிலாகக் கிடைத்த புதுவீட்டை, கிராம அதிகாரியான விதானையாரிடம் படத்தில் வரும் அதே வார்த்தையைச் சொல்லி மாமா எடுத்துக்கொண்டார். மாமியிடம், நானே வேண்டாமென்று சொல்லிவிட்டதாகக் கதை. திரும்பிவந்து கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றி எரிகிறது.

மாமியிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். வீட்டுச் சண்டை இரண்டு நாளில் ஆறிவிடும். எனக்கு மாமா சபை நடுவே வியர்க்க வேண்டும். அவர் மகள் பெரியவளான சாமத்திய வீட்டில் வீடியோ டெக் வாடகைக்குப் பிடித்துப் படம் போட்டார்கள். ஏறாவூர் வீடியோக் கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் காக்கா என்போம், "இத ஆரும் கேக்கிறல்ல புள்ள, ஒரு கொப்பிதான் இரிக்கி" என்று தூசிதட்டித் தந்த அந்தப் படக் கசற்றோடு நான் போனேன்.

மாமா முன்னால் இருந்து சால்வையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதார். தன் கதைதான் என்று மனுசனுக்கு ஒரு பொட்டும் உறைக்கவில்லை! அந்த வசனம் வந்ததும் எழும்பினேன்.

"மாமாவும் விதானையிட்ட இதத்தான் சொன்னவர். அக்காக்குப் புள்ளையில்லயாம்."

"அது படம் புள்ள," என்றார் மாமா.

மாமி டெக்கை நிறுத்தினார். "மெய்யாகா?"

"ஓம் மாமி."

திருடிய வீட்டையும் ஊர்முறை தவறாமல் பெண்சாதி பேரில்தான் எழுதியிருந்தார் மாமா! "இது என்ட வீடு, வெளிக்கிடுங்க" என்றார் மாமி. ஒரு பையோடு மாமா படலையைத் தாண்டியதை ஆசைதீரப் பார்த்தேன். வீட்டை மாமி எனக்குத் தரவில்லை. "என்ட மகளுக்கு வீடு வேணாமாகா?" என்றார்.

காக்காவின் கடையில் இப்போது கைபேசி விற்கிறார்கள். நாட்டில் போர் முடிந்த வருஷம், வாவிக்கரைக் குடிசையில் மாமா செத்துப்போனார். படத்தில் கடைசியில் அந்த நடிகர் மன்னிப்புக் கேட்பார், அந்தப் பெண்ணும் மன்னிப்பாள். மாமாவும் ஒருநாள் வந்து கேட்பார் என்று காத்திருந்தேன், முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல. கேட்காமலே போய்விட்டார், பாவி.