கேட் திறக்கும் வரை

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் டிரைவர் இன்ஜினை அணைத்ததும், மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிப்பிஞ்சு வாசனை பஸ்ஸுக்குள் ஏறியது. மடியில் என் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதி. கடைசி அத்தியாயம் மட்டும் எத்தனை முறை எழுதியும் பொய்யாகவே இருந்தது.

சிறுவயதில் இதே கேட்டில் பஸ் நிற்கும்போது, ஊர்ந்துபோகும் ரயிலின் ஜன்னலில் அம்மா ஒரு முகத்தைக் கண்ணால் பிடித்துக்கொள்வாள்.

"மஞ்சப் புடவ கட்டிருக்காளே, அவ அண்ணன் வீட்டுலேர்ந்து கோவிச்சுக்கிட்டுப் போறா" என்று கதையைத் தொடங்குவாள். முன்சீட்டுக்காரர்கள்கூடத் திரும்பிக் கேட்பார்கள். கேட் திறந்ததும் நிறுத்திவிடுவாள்.

"அப்பறம் என்னம்மா ஆச்சு?" என்று நச்சரிப்பேன்.

"அவதான் போயிட்டாளேடி. இனிமே அது அவ பாடு."

இன்றும் ரயில் போனது, கேட் திறந்தது. கடைசி அத்தியாயத்தை உருவியெடுத்து, பிஞ்சை அதில் மடித்துத் தரச் சொல்லி, ஜன்னலுக்கு வெளியே நின்ற வெள்ளரிக்காரியிடம் நீட்டினேன்.