வீடு இல்லை என்று நிரூபிக்க வந்தவர்கள்

வீட்டுக் கடன் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு, "இன்னும் ஒரு காகிதம் குறையுது" என்கிற வாக்கியம் தூக்கத்தில்கூட வரும். எழுபதுகளில் தூத்துக்குடியில், முதல் வீடு கட்டுகிறவர்களுக்குக் கடன் ஏற்பாடு செய்யும் சங்கம் ஒன்றில் நான் இருந்தேன். துறைமுகத் தொழிலாளிக்கு ஒரு திட்டம், உப்பளத்தில் வேலை பார்ப்பவருக்கு ஒன்று, வருமானம் குறைந்தவருக்கு ஒன்று என்று பல இருந்தன. வருகிறவர் எதற்குள் அடங்குவார் என்று கண்டுபிடிப்பது என் வேலை. பெரும்பாலோர் எதற்குள்ளும் அடங்கமாட்டார்கள். ஆபீஸ் ஆபீஸாக ஏறிச் செருப்புத் தேய்ந்த உங்களுக்கு இதைச் சொல்லியா தெரிய வேண்டும்?

இல்லாததற்கு ஒரு சான்று

சங்கு குளிக்கப் போகிற சூசை, கடலுக்கடியில் மூச்சை அடக்குகிறவர். எங்கள் ஆபீஸ் படியேறினால் மட்டும் அவருக்கு மூச்சு வாங்கும். "சொந்த வீடு கிடையாது" என்று ஊரில் வரி வசூலிக்கும் கிராம முன்சீப்பிடம் எழுதி வாங்கி வரச் சொன்னேன். மூன்று முறை போய் வெறுங்கையோடு திரும்பினார். நான்காவது முறை நானும் கூடப் போனேன்.

முன்சீப் நேர்மையான மனிதர். பழைய கணக்குப் புத்தகங்களை எல்லாம் புரட்டினார். சூசையின் பெயர் எதிலும் இல்லை. அதுதான் அவருக்குச் சங்கடம். கடைசியில் சூசை குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரையே கூட்டிப் போய்ச் சாட்சி சொல்ல வைத்தோம். மனசில்லாமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே முன்சீப் சொன்னார்: "வீடு இருந்தா வரி ரசீதைப் பாத்து ஒரு நிமிசத்துல எழுதிருவேன். இல்லாத வீட்டுக்கு நான் எதைப் பாத்துவே எழுத?"

அண்ணாச்சியின் வருமானம்

பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் வருமானம் குறைந்தவர் திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டார். "கடையில ஈ ஓட்டுதேன் தம்பி. கொறச்சே எழுதுங்க" என்றார். அப்படியே எழுதினேன்.

அந்தச் சமயம் அவர் மகளுக்கு ஆத்தூரில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். (கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதற வேண்டாம்.) வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த மாப்பிள்ளையின் அப்பா ஒருநாள் என்னிடம் வந்து அண்ணாச்சியின் வருமானம் எவ்வளவு என்று நைசாகக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் விண்ணப்பம் மேஜைமேல் கிடந்தது. மனிதர் தலைகீழாகவே வாசித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். சம்பந்தம் ஆட்டம் காண்கிறதாம், வருமானத்தைக் கூட்டி எழுத வேண்டுமாம். கூட்டினால் கடன் கிடைக்காதே என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் வேர்வையைத் துடைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அப்பம் ரெண்டு பாரமாப் போடுங்க தம்பி. சர்க்காருக்கு ஒண்ணு, சம்பந்திக்கு ஒண்ணு" என்றார்.

முழங்கால் உயரச் சுவர்

பேச்சியம்மாளின் கணவர் துறைமுகத்தில் தினக்கூலிக்கு மூட்டை தூக்கினார். சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் எந்தத் திட்டத்திலும் இடமில்லை. குடியிருந்த வீட்டை மழைக்கு முன்னால் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், கையில் இரண்டு பிள்ளைகள். நானும் என் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. "என்னென்ன காகிதம் வேணும்னு ஒரே தடவையா சொல்லிருங்க சார். ஒண்ணொண்ணா சொல்லி நடக்க வைக்காதீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

"நீ எங்கேம்மா வேலை பார்க்கிறாய்?" என்று அப்போதுதான் கேட்டேன். ஒன்பது வருஷமாக உப்பளத்தில் வேலை. அதுவரை யாரும் அவளை அதைக் கேட்டதில்லை, நான் உட்பட. உப்பளக் கணக்கப்பிள்ளை கடிதம் கொடுத்தார். மனை அவள் அம்மா கொடுத்தது. கடன் அவள் பெயரிலேயே வந்தது.

அஸ்திவாரம் முடிந்ததா என்று நான் பார்த்துச் சொன்னால்தான் அடுத்த தவணை. சைக்கிளில் போனேன். சுவர் முழங்கால் உயரம்தான் எழும்பியிருந்தது. ஒரு காலை எடுத்து வைத்து உள்ளே தாண்டினேன்.

"சார், சார்! சொவத்துக்கு மேல நடந்து வாரீங்களே. வாசல் அங்கன இருக்குல்லா!"

மறுபடி வெளியே தாண்டி, சுற்றிப் போய், கதவு வரவேண்டிய இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"இப்பம் வாங்க சார், உள்ள வாங்க."

அரசாங்கத்திடம் பணம் இருந்தது, ஜனங்களுக்கு ஆசை இருந்தது, இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் சிலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம்.