எங்கள் போர் தண்ணீர்

திருவாடானைக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத்தான். எங்கள் வீட்டு ஆழ்துளைப் போரில் மட்டும் வாயில் வைக்கிற மாதிரித் தண்ணீர் வந்தது. தெருவே குடத்தோடு வரும். மோட்டாரைப் போட்டுவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

என் கணவர் ஒல்லியான மனிதர், வயல் வேலை செய்கிறவர். அவர் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. அவருக்கு வந்தது. காலில் பட்ட காயம் ஆறாமல் போனபோதுதான் தெரிந்தது. மாத்திரை, பிறகு ஊசி. டீயில் சீனியை நிறுத்தினோம், சோற்றைக் குறைத்தோம். சர்க்கரை இறங்கவில்லை.

ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மா அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் தடித்துப் புள்ளி புள்ளியாக இருந்தது.

“மம்பட்டி பிடிச்ச கைம்மா” என்றார் இவர்.

உள்ளங்காலிலும் அப்படியே இருந்தது. எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். ஆர்செனிக் இருந்தது.

“அது விஷம். கையில இருக்கிற தடிப்பு அதோட அடையாளம். ருசியில தெரியாது. பல வருஷம் குடிச்சா சர்க்கரை வர்ற வாய்ப்பு கூடும். உங்களுக்கு இதாலதான் வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இனிமே குடிக்காதீங்க” என்றார் டாக்டரம்மா.

“காய்ச்சிக் குடிச்சா?” என்றேன்.

“காய்ச்சினாலும் போகாது.”

திரும்பும்போது பஸ்ஸில் இவர், “அப்ப தெரு ஆளுக?” என்றார்.

மறுநாள் மோட்டார் பக்கம் நின்று எல்லோரிடமும் சொன்னேன். பலர் கலைந்து போனார்கள். எதிர்வீட்டுப் பெண் மட்டும் குடத்தை எடுக்கவில்லை.

“குழாத் தண்ணி என்னைக்கு வரும்னு யாருக்குத் தெரியும் மதினி? இத்தன நாள் குடிச்சுக்கிட்டுத்தான இருந்தோம். மோட்டாரப் போடுங்க.”

இவர் நொண்டிக்கொண்டே வெளியே வந்து ஃபியூஸைப் பிடுங்கினார். காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார்.

“பாரு தங்கச்சி.”

அவள் பார்த்தாள். வெறுங்குடத்தோடு போனாள். வெகுநாள் எங்களோடு பேசவில்லை. ஒருநாள் அவளாகவே வந்து, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொன்னாள். அவளுக்கும் சர்க்கரை இருந்தது.

இவருக்குக் கால்விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். போர் தண்ணீரை இப்போது துணி துவைக்க மட்டும் இறைக்கிறோம். குடிக்கக் கேன் வாங்குகிறோம். கடையிலிருந்து எதிர்வீட்டுக்காரியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வருகிறோம். மத்தியானத்தில் இவர் தாகத்தோடு வந்து கேனைச் சாய்ப்பார், காலியாக இருக்கும். நான்தான் எழுந்து கடைக்குப் போக வேண்டும். மோட்டாரைப் பார்த்தபடி கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுகிறேன்.