கீறல் போட்ட கிற்றார்

பாசிக்குடா ஹோட்டலொன்றில் வாத்தியம் தூக்கும் வேலையில் இருந்தபோது அங்கே கிற்றார் வாசிக்கும் அவரைக் கண்டேன். நாவற்குடாக்காரர், நரைத்த தலைமயிரைக் கட்டியிருப்பார். அலைச்சறுக்குக்காரர் விரும்பும் சேர்ஃப் இசை வாசிப்பார். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்குமென்று பாட்டுக்குப் பாட்டு லேஞ்சித் துணியால் துடைப்பார். அவருடைய மின்கிற்றார் அறுபது வருடப் பழைய ஒன்றின் நகல். பழசாய்த் தெரியவென்று தொழிற்சாலையிலேயே கீறல்களும் போட்டுப் பெரிய விலைக்கு விற்றிருந்தார்கள்.

ஒருநாள் அதைக் கதவில் இடித்துவிட்டேன். பெயின்ற் பெயர்ந்தது. என் சாப்பாடே அந்த வேலையில்தான் இருந்தது.

அவர் குனிந்து தடவிப் பார்த்தார். "மற்றக் கீறலெல்லாம் காசு குடுத்து வாங்கினது தம்பி. இது ஒண்டுதான் உண்மையாப் பட்டது."

"ஏசமாட்டீங்களா அண்ணன்?"

"ஏசுவன். முதல்ல வாசிச்சுப் பாப்பம், மறுகா ஏசுறன்."

வாசித்தார். ஏசவில்லை. மறுநாளும் அதை என் கையில்தான் தந்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் தந்திருக்க மாட்டேன்.