காற்றாலையைப் பின்னோக்கி ஓட்டியவன்

நாற்பது வயது வரைக்கும் நான் பார்த்த வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. மட்டாஞ்சேரியில் பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டரை வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. அந்த மெஷினோடு கூடப் போகிற ஆள் நான். மெஷின்தான் மாப்பிள்ளை, நான் மாப்பிள்ளைத் தோழன். பந்தியில் இருவருக்கும் ஒரே மரியாதை என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கொச்சங்காடி வாசகசாலையில் படம் காட்டுவோம். கதைப்படம் அல்ல. எறணாகுளத்தில் ஒரு நூலகம் இரவல் தரும் செய்திப்படங்கள்: பாலம் கட்டுவது, பால் பவுடர் செய்வது, பல் துலக்குவது. எல்லாம் இங்கிலீஷில் கடகடவென்று பேசும். பார்க்க வருகிறவர்களோ கிடங்குகளில் சுக்கும் மிளகும் மூட்டை தூக்குகிறவர்கள். அதனால் நான் சத்தத்தை அணைத்துவிட்டு, பக்கத்தில் நின்று பாதி மலையாளம், பாதித் தமிழில் விளக்கம் சொல்வேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அதற்கு ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. படத்தில் ஒரு சாயிப்பு, அதாவது வெள்ளைக்காரன், வாயைத் திறந்தால் அவன் என்ன சொல்ல வேண்டும் என்பதை நான் தீர்மானிப்பேன். பெரும்பாலும் மாமியாரைப் பற்றிச் சொல்வான்.

பெட்ரோல் விலை ஏறி உலகமே அலறிய எழுபதுகளின் பின்பாதியில் அந்த ரீல் வந்தது. காற்றிலிருந்து சக்தி எடுக்க அந்தக் காலத்திலிருந்து யார் யார் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று பழைய துண்டுகளை ஒட்டிச் செய்த படம். கறுப்பு வெள்ளை, மழை பெய்வதுபோல் கீறல். ஒரு வீட்டின் பின்கட்டில் ஆயிரம் மரச்சட்டங்கள் வைத்த ராட்சசச் சக்கரம் ஒன்று. படகின் பாய்மரத்தில் ஒன்று. முட்டை அடிக்கிற கம்பியைத் தலைகீழாக நட்டதுபோல ஒன்று. கடைசியில் இரண்டு துண்டுகள். முதலாவதில், ஆள் உயரத்துக்குத் தகரச் சக்கரம் ஒன்று அசையாமல் நிற்கும். பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவன். சக்கரத்தில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளுவான். அது மெல்ல எழுந்து சுற்றும். அவன் கையை எடுத்துக்கொள்வான். அவ்வளவுதான். அடுத்த துண்டில், குன்றின் மேல் இரண்டு இறக்கைக் காற்றாலை. காற்று பேயாய் அடிக்க, ஒரு இறக்கை பிய்ந்து பறந்து வயலில் விழும். ஆட்கள் சிதறி ஓடுவார்கள்.

இறக்கை பிய்ந்ததும் வாசகசாலை எழுந்து நின்றது. "சேட்டா, பின்னால ஓட்டு, பின்னால!" என்று கத்தினார்கள். எங்கள் மெஷினில் ஒரு குமிழ் இருந்தது. திருகினால் படம் பின்னோக்கி ஓடும். எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிய சொத்து அந்தக் குமிழ்தான். திருகினேன். வயலில் கிடந்த இறக்கை துள்ளி எழுந்து, பறந்து போய், சமர்த்தாகத் தன் இடத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரே கைதட்டல். நானும் சிரித்ததில் குமிழை நிறுத்த மறந்துவிட்டேன். படம் இன்னும் பின்னால் போய், தொப்பிக்காரனின் துண்டும் பின்னோக்கி ஓடியது. வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம். தொப்பிக்காரன் கையை நீட்டுகிறான். சக்கரம் மெல்ல அடங்கி அவன் உள்ளங்கையில் நின்றுவிடுகிறது.

யாருக்கும் அது பின்னோக்கி ஓடுவதாகவே தோன்றவில்லை; முன்பு தள்ளிவிட்டவன் இப்போது வந்து நிறுத்துகிறான் என்றே நினைத்தார்கள். நானோ வாய் சும்மா இராமல், "கண்டோ! சாயிப்பு ஒத்தக் கையால காத்தையே நிப்பாட்டிட்டான்!" என்றேன். கூரை பிய்கிற சிரிப்பு. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு பெருமை. அதற்குப் பிறகு கொச்சங்காடியில் மூன்று தடவை, சுள்ளிக்கல்லில் ஒரு தடவை அந்த ரீலைக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே அப்படியே ஓட்டினேன். எனக்கு மட்டும் தெரிந்த ஜோக் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வேறு.

கொச்சங்காடியின் எல்லாக் காட்சிகளுக்கும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்த ஒருவர் உண்டு. பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர். கிடங்கு ஒன்றின் கீழ்த்தளத்தில் லேத் வைத்திருந்தார். மீன்பிடி போட்டுகளின் தண்டு, புஷ் எல்லாம் கடைந்து தருவார். எல்லோருக்கும் மேஸ்திரி. அதே கிடங்கின் மாடியில் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். மாடிக்குக் குழாய் இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பு. தெருக்குழாயில் பிடித்து, ஏணி மாதிரி செங்குத்தான மரப்படியில் அந்த அம்மாள்தான் குடம் குடமாக ஏற்றுவாள். முந்தைய மழைக்காலத்தில், ஏழாம் மாதத்தில், குடத்தோடு அந்தப் படியில் வழுக்கி விழுந்தாள். குழந்தை தங்கவில்லை. அதிலிருந்து மேஸ்திரிக்கு ஒரே நினைப்பு. அவள் இனிமேல் அந்தப் படியில் தண்ணீர் சுமக்கக் கூடாது.

ரீலைப் பார்த்ததும் அவருக்கு வழி கிடைத்துவிட்டது. கீழே தொட்டி கட்டி, குழாய் வரும் நேரத்தில் நிரப்புவது. கூரைக்கு மேல் சாரம் கட்டி, அதில் காற்றுச் சக்கரம். அது சுற்றினால் கைப்பம்பின் தண்டு மேலும் கீழும் போகும், தண்ணீர் மாடிக்கு ஏறும். எண்ணெய் பீப்பாய்களை வெட்டிச் சக்கரத்துக்கு இலைகள் செய்தார். போட்டின் பழைய தண்டை அச்சாகக் கடைந்தார். எனக்குப் பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. நான் வாயால் சுற்றியதை அவர் இரும்பால் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் சாயாக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, பிரேக்குக்கு ஒரு மரக்கட்டை செஞ்சு வெச்சிருந்தேன். வேண்டாம்னு எடுத்துட்டேன். சாரத்துக்கு வெறும் பாரம்."

"பின்னே காத்து கூடினா?"

"படத்துல பாத்தமே. பெரிசு ஏன் பிஞ்சுது? நேரத்துக்கு நிப்பாட்ட ஆளில்ல. சின்னதை அந்தாளு கையாலயே நிப்பாட்டுறான். நம்மளதும் அந்த அளவுதான். சரியா வரும், இல்லியா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். மேஸ்திரி, அது பின்னால் ஓட்டியது, அவன் நிறுத்தவில்லை, தள்ளிவிடுகிறான். மூச்சு விடும் நேரத்தில் முடிகிற பேச்சு. ஆனால் பெஞ்சில் ஐந்தாறு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயாக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஜோக்கை உடைத்தால் நான் யார்? மெஷினோடு வருகிற ஆள்.

"சாயிப்பு காலையில பழங்கஞ்சி குடிச்சிட்டு வர்றவன், மேஸ்திரி. சாயாவும் பரிப்புவடையும் தின்னுட்டு உங்களால ஆவுமா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு பலமுறை தனியாகப் பார்த்தேன். சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறொரு ஜோக் முந்திக்கொண்டது.

கோடையில் சக்கரம் ஏறியது. மத்தியானம் கடல்காற்று தொடங்கினால் கடகடவென்று சுற்றும். மாடியில் குழாய் மூச்சுத் திணறி, இருமி, தண்ணீரைத் துப்பியது. தெருவே வந்து பார்த்தது. அந்த அம்மாள் குழாய்க்கு அடியில் கையை வைத்தபடி நின்றாள். காற்று அடங்குகிற சாயங்காலங்களில் மேஸ்திரி சாரத்தில் ஏறி, மெதுவாகச் சுற்றும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்துவார். கீழே நிற்பவர்கள், "சாயிப்பே!" என்று கூவுவார்கள். நானும் கூவினேன்.

ஜூனில் இடவப்பாதி மழை வந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பட்டப்பகலிலேயே வானம் இருண்டு, கடலிலிருந்து அடித்த காற்றில் ஓடுகள் பறந்தன. நான் கடையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். சாயாக்கடைக்காரர் நனைந்து ஓடிவந்து, "மேஸ்திரி..." என்றார். மூச்சு வாங்கியது. நான், "என்ன, சக்கரத்தோட பறந்து கொல்லத்துக்குப் போயிட்டாரா?" என்றேன். என் வாழ்க்கையில் சொன்னதில் ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்ப விழுங்கலாம் என்று யாராவது சலுகை தந்தால், எதை விழுங்குவது என்று எனக்குத் தடுமாற்றம் வரும். சாயாக்கடையில் சொன்னதா, இதுவா என்று.

சாரம் ஆடியிருக்கிறது. இறக்கை பிய்ந்தால் பக்கத்து வீட்டுக் கூரையில் விழும் என்று மேஸ்திரி ஏறியிருக்கிறார். மனைவி கீழே நின்று வேண்டாம் வேண்டாம் என்று கத்தியிருக்கிறாள். அவர் சக்கரத்துக்கு முன்னால் நின்று, வலது கையை நீட்டியிருக்கிறார். உள்ளங்கையை விரித்து, படத்தில் பார்த்த மாதிரியே.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். லேத்காரனின் வலது கை.

பார்க்கப் போனேன். அவர் என்மேல் ஒரு சொல் வைக்கவில்லை. கட்டுப்போட்ட முனையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்.

"கணக்குல எங்கயோ தப்பிடுச்சு, அண்ணே. இலை கனம் கூடிப்போச்சு. அந்தாளு எவ்வளவு லேசாப் பிடிக்கிறான்! அடுத்ததுக்குக் கனம் குறைச்ச தகரம் போடணும்."

"அடுத்ததா?"

"பின்னே? அவ திரும்பக் குடம் தூக்கணுமா?"

வீட்டுக்கு வந்த ஒரு மாதத்தில் இடது கையால் தரையில் சாக்பீஸ் கோடு போட ஆரம்பித்துவிட்டார். கோணல்மாணலான வட்டங்கள். அவர் மனைவி ஒரு நாள் என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, அவரு மறுபடி சக்கரம் பண்றாரு. பிரேக் வெய்யுங்கன்னு சொன்னா, படத்துல பிரேக் எங்க இருந்துச்சுங்கறாரு. மிச்சமிருக்கிறது ஒரு கைதான். நான் ஆயுசு முழுக்க வெள்ளம் சுமக்கறேன், எனக்கு அது போதும். நீங்க சொன்னா கேப்பாரு."

அவளிடமே முதலில் சொன்னேன். குமிழை, ஜோக்கை, சாயாக்கடையை, எல்லாவற்றையும். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இதை அவருகிட்ட சொல்லுங்க" என்றாள்.

போய்ச் சொன்னேன். மேஸ்திரி நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். பிறகு சிரித்தார். கை போன பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"கொள்ளாம், அண்ணே! நீங்களும் அவளும் சேந்து கட்டின கதையா? நல்லாத்தான் இருக்கு."

"சத்தியமா, மேஸ்திரி."

"நீங்க எப்பத்தான் சத்தியம் பண்ணாம இருந்தீங்க? போன வருஷம் ஒட்டகம் முட்டை போடும்னு சத்தியம் பண்ணினீங்க."

பண்ணியிருந்தேன்.

மறுநாள் படகு பிடித்து எறணாகுளம் போனேன். நூலகத்தில் அந்த ரீல் வேறு ஊருக்குப் போயிருந்தது. இரண்டு வாரம் அலைந்து வாங்கிக்கொண்டு, மெஷினையும் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். ஜன்னல்களில் கோணிச்சாக்கு கட்டி, சுவரில் வேட்டி விரித்தேன். மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் படிக்கட்டுப் பக்கம் நின்றாள். நான் ஒரு படத்துக்கு வாயே திறக்காமல் இருந்தது அன்றுதான். மெஷின் சத்தம் அவ்வளவு பெரிது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அசையாத சக்கரம். தொப்பிக்காரன் கை வைத்தான், தள்ளினான். சக்கரம் எழுந்து சுற்றியது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"இன்னொருவாட்டி" என்றார் மேஸ்திரி.

ஓட்டினேன். மூன்றாம் தடவையும் கேட்டார். அதன் பிறகு குமிழைத் திருகச் சொன்னார். நான் திருகினேன். சுற்றும் சக்கரம் அடங்கித் தொப்பிக்காரனின் உள்ளங்கையில் வந்து நின்றது. அவருடைய இடது கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பி, பாதியில் நின்று, கீழே போனது. நான் விளக்கை அணைத்தேன்.

"அன்னைக்குச் சாயாக்கடையில கேட்டேனே, அண்ணே" என்றார்.

"கேட்டீங்க."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவர் எழுந்து காலால் சாக்பீஸ் வட்டங்களைத் தேய்த்தார். ஈரத் தரை, சரியாக அழியவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் மெஷினை மூடித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

சக்கரத்தை வேறு ஆட்கள் வந்து கழற்றினார்கள். அடுத்த சக்கரம் வரவில்லை. கொஞ்ச நாளில் லேத்தும் போனது. அவர்கள் பாலக்காட்டுக்கே திரும்பிப் போவதாகப் பேச்சு அடிபட்டது. போவதற்கு முன் ஒரு காலை, வெட்கத்தை விட்டு, தெருக்குழாயடிக்குப் போனேன். அவள் இரண்டு குடம் நிரப்பி வைத்திருந்தாள். ஒன்றை நான் எடுத்துக்கொண்டு படி வரைக்கும் நடந்தேன். அவள் அதைத் தடுக்கவில்லை. படிக்கு அடியில் வந்ததும் தன் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, என் கையிலிருந்ததை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் மேல கொண்டு வர்றேம்மா."

"மேல அவரு இருக்காரு, அண்ணா. நீங்க வர வேணாம்" என்றாள்.

சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டேன். அவள் ஒவ்வொரு படியாகக் கால் வைத்துப் பார்த்து ஏறினாள்.