தடுப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு வங்கிக் கிளையில் லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்தேன். கவுண்டருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு. அதற்குப் பின்னால் என் நாற்காலி. கவுண்டரில் இருப்பவர் பாஸ்புக்கை ஒரு சந்து வழியாக உள்ளே தள்ளுவார். நான் கணக்கைப் பதிந்து, பாஸ்புக்கில் சுருக்கொப்பம் போட்டுத் திருப்பித் தள்ளுவேன். நாள் முழுக்க யாரோடும் பேச வேண்டியதில்லை. நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றதும் வேலை போய்விடுமோ என்று எல்லோரும் பயந்தார்கள். யாருக்கும் வேலை போகவில்லை. என் தடுப்பு போனது. ஒரு வாரக் கடைசியில் அதைப் பெயர்த்து எடுத்தார்கள். லெட்ஜர்களை லோரியில் ஏற்றி எங்கோ ஒரு கிடங்குக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை என் நாற்காலி இருந்த இடத்தில் புதிய கவுண்டரும் பச்சை எழுத்துத் திரையும் இருந்தன. அங்கே என்னை உட்காரச் சொன்னார்கள்.

துணை மேலாளர் என்னைவிட இளையவர். பின்னால் ஏதாவது வேலை கேட்டு அவரிடம் போய் நின்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு பாதியிலேயே நின்றுவிட்டது.

"பின்னாடி இனிமே எழுத என்னண்ணே இருக்கு? கோலாலம்பூர் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போலாம்னா அங்க டிப்ளோமா கேக்கறாங்க லா." என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். "வருஷக் கடைசி வரைக்கும் பாருங்க. முடியலன்னா செக் பிரிக்கிற ரூமுக்கு மாத்தி விடறேன்."

செக் பிரிக்கும் அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது; யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அந்த அறையை நினைத்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போனேன்.

எங்கள் திரைக்குக் கணக்கெல்லாம் தொலைபேசிக் கம்பி வழியாகக் கோலாலம்பூரிலிருந்து வரவேண்டும். மழை பெய்தால் லைன் போய்விடும். லைன் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது என்பது உத்தரவு. காத்திருப்பவர்களிடம் என்ன சொல்வது என்று பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை.

டிசம்பர் கடைசி. பள்ளிக்கூடம் திறக்கச் சில நாட்களே இருந்தன. மத்தியானம் நல்ல மழை. வரிசை வாசல் வரை நின்றது. ஒரு அக்கா பாஸ்புக்கை நீட்டினார். எண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பல வருடங்களாக நான் எழுதிவந்த கணக்கு. அந்த முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். எண்ணைத் தட்டினேன். திரை அப்படியே நின்றது.

"என்னண்ணே, மெஷின் தூங்குதா?"

"லைன் இல்லக்கா," என்றேன், மேசையைப் பார்த்தபடி.

"லைன் இல்லன்னா என் காசு எங்க? கோலாலம்பூருக்கு பஸ் ஏறிப் போயிடுச்சா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அந்தப் பழைய பெரிய புக்கத் தொறந்து பாருங்க லா. அது மழைக்கெல்லாம் தூங்காது," என்றார் அக்கா. அதெல்லாம் கிடங்குக்குப் போய்விட்டது என்று முனகினேன்.

"என்னா சொல்றாரு?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார்.

"வாய்க்குள்ளயே பேசிக்கிறாரு."

"பாஸ், நாங்க ஷிப்டுக்குப் போவணும். சத்தமா சொல்லுங்க."

அக்கா குரலைத் தாழ்த்தினார். "புள்ளைக்கு யூனிபார்ம் வாங்கணும்ணே. கடை சாத்திருவான்."

லெட்ஜர் இருந்திருந்தால் அந்நேரம் அவர் கடையில் இருந்திருப்பார். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. எழுந்து நின்றேன்.

"லைன் இல்ல. எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாது. உங்க காசு பத்திரமா இருக்கு. ஆனா இப்ப எடுத்துக் குடுக்க முடியாது."

அதையே மலாயிலும், தெரிந்த ஆங்கிலத்திலும் சொன்னேன். கூட்டம் அடங்கி, முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா முன்ன போன பஸ்ஸையாவது புடிச்சிருப்பேன்," என்று அக்கா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போனார்.

ஜனவரியில் துணை மேலாளரிடம் அந்த அறையைப் பற்றி நினைவூட்டினேன். அவர் சிரித்தார்.

"அன்னைக்கு நீங்க பேசினதுக்கு அப்புறம் ஒரு கம்ப்ளெய்ன் கூட வரலண்ணே. உங்களப் போயி உள்ள போடுவனா? இனிமே லைன் போனா நீங்களே எழுந்து சொல்லிடுங்க."

அதன் பிறகு மத்தியானத்தில் வானம் இருட்டினால், மற்ற கவுண்டர்காரர்கள் திரையைப் பார்ப்பதில்லை. என்னைப் பார்ப்பார்கள்.