மாடிப்படி டீச்சரும் ஏழு பேரும்

பள்ளியில் அவளுக்கு மாடிப்படி டீச்சர் என்று பெயர். பேர்தான் டீச்சர், வகுப்பறை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே உடைந்த நாற்காலிகளும் தரை துடைக்கும் வாளியும் கிடந்த இடத்தை ஒழித்து, ஒரு பாயை விரித்துக் கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் நிமிர்ந்தாலும் தலை இடிக்கும்.

அதற்கு முன் பதினோரு வருடம் பார்சல் அலுவலகத்தில் முகவரி பார்த்துப் பிரிக்கிற வேலை. கோழி கிளறியது போன்ற கையெழுத்தையும் படித்துவிடுவாள். அந்த வேலைக்கு இயந்திரம் வந்ததும் வீட்டில் உட்கார்ந்தாள். அந்தச் சமயத்தில்தான் மாநிலம் முழுக்க ஓர் உத்தரவு வந்தது. மூன்றாம் வகுப்பு முடிக்கிற எந்தக் குழந்தையும் வாசிக்கத் தெரியாமல் இருக்கக் கூடாதாம். உத்தரவு போடுகிறவர்களுக்கு என்ன, ஒரு காகிதத்தோடு வேலை முடிந்தது. பள்ளிக்கு ஒரு வாசிப்பு உதவியாளர் என்று முடிவானபோது, தலைமையாசிரியையாக இருந்த பெரியம்மா மகள் இவளைக் கூப்பிட்டாள்.

"நீ வந்து சேரு. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா.

தேறவே தேறாது என்று கைகழுவிய ஏழு குழந்தைகள் இவள் தலையில் வந்து விழுந்தார்கள். அவள் புத்தகத்தைத் தொடவே இல்லை. மருந்து அட்டை, பிஸ்கட் உறை, பஸ் டிக்கெட் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாசிக்க வைத்தாள். ஒரு சிறுமி மூன்று மாதம் வாயையே திறக்கவில்லை. பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கிசுகிசுத்தாள். சரி, சுவருக்காவது படிக்கிறாளே என்று இவள் விட்டுவிட்டாள். பத்தாவது மாதம் ஏழு பேரும் ஒரு பக்கத்தை முழுதாகப் படித்தார்கள். அன்று அவள் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். மாநிலத் தேர்வில் தேறினால் அவர்கள் மற்றவர்களோடு நான்காம் வகுப்புக்குப் போகலாம். இல்லாவிட்டால் இன்னொரு வருடம் இதே மாடிப்படிதான்.

தேர்வுக் குழு எந்த நாள் வரும் என்பது தலைமையாசிரியைக்கு மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை காலை அக்கா சொன்னாள்: "பாவம், வருஷம் பூரா இருட்டுலயே அடைஞ்சு கிடக்குதுங்க. பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு சாயங்காலமா வா."

இவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பூங்காவில் குழந்தைகள் ஒரு பலகையைக்கூட விடவில்லை; புல்லை மிதிக்காதே என்பதைப் புல்லில் நின்றுகொண்டே படித்தார்கள். பதினோரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் நனைந்துகொண்டே திரும்பினார்கள்.

"அதுக்குள்ள ஏம்மா வந்தீங்க?" என்றார் காவலாளி. அவர் முகம் சரியில்லை. என்னவென்று பார்க்க அவள் குழந்தைகளோடு மாடி ஏறினாள்.

மாடிக் கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு குழந்தை வாசிக்கும் சத்தம். பேச்சுக்குரல் கேட்டு அக்கா வெளியே வந்தாள்.

"டெஸ்ட்டாக்கா? சொல்லவே இல்லயே. இருங்க, தலைய தொவட்டி அனுப்பறேன்."

"வேணாம். உன் ஏழு பேருக்கும் விலக்கு வாங்கியாச்சு."

"எதுக்கு விலக்கு? நல்லா படிக்கறாங்கக்கா. போன வாரம் நீங்களே கேட்டீங்களே."

"படிக்கறாங்க. யாரு இல்லன்னா? ஆனா ஒரு நிமிஷத்துக்கு எத்தன வார்த்தைன்னுதான் பாப்பாங்க. இவங்க எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள நம்ம சராசரி போயிடும். இந்தத் தடவ நமக்குத்தான் முதலிடம். கெடுத்துடாத."

வேறு யாராவது செய்திருந்தால் இவள் கத்தித் தீர்த்திருப்பாள். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அக்கா, பூங்காவுக்குப் போ என்று சிரித்துக்கொண்டே அனுப்பிக் கழுத்தை அறுத்துவிட்டாளே.

"விலக்குன்னா நான்ல எழுதித் தரணும்? நான் எதுவும் தரலயே."

அக்கா கதவைப் பார்த்தாள். விலக்கு விவரத்தைத் தேர்வறை வாசலில் ஒட்ட வேண்டும் என்பது விதி. அங்கே அந்தச் சுவர்ச் சிறுமி ஏற்கெனவே நின்று, இதுவரை யாரும் கேட்டிராத குரலில், வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ்க்காணும் ஏழு மாணவர்களும், ஓராண்டுப் பயிற்சிக்குப் பிறகும், வாசிக்க இயலாதவர்கள் என்று சா... சான்... சான்றளிக்கிறேன்."

பிறகு பெயர்களைப் படித்தாள். தன் பெயரையும் படித்தாள். கடைசியில் கையெழுத்துக்கு வந்து நின்றாள்.

திங்கட்கிழமை அக்கா நாலைந்து காகிதங்களை நீட்டியது இவளுக்கு அப்போதுதான் உறைத்தது. என்றைக்காவது குழந்தைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக அனுமதி என்றாள். அக்காதானே என்று, இவளும் பேசிக்கொண்டே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"இது உங்க கையெழுத்துதான டீச்சர்? எங்களுக்குப் படிக்க வராதுன்னு நீங்களா எழுதினீங்க?"

ஏழு பேரும் இவளையே பார்த்தார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான் எழுதலம்மா. கையெழுத்து மட்டும் போட்டேன். என்ன எழுதியிருக்குன்னு படிக்கல."

சிறுமிக்கு அது விளங்கவே இல்லை. "ஏன் டீச்சர் படிக்கல?" என்று கேட்டாள்.